பட்டது

பந்தைப் பார்க்காதீங்க என்றார் புனிதவதி மேடம்,
வேலைக்கு வந்த முதல் நாளே.
வேறெதைப் பார்ப்பது என்று
நாங்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எதிர்ப்பக்கம் எடுத்துக் கொடுப்பவளின் தோளைப் பார்.
தோள் திரும்பும் பக்கம் கால் போகட்டும்,
கால் போன பிறகு கை.

போன வருஷம் வரை இவ்வளவு இல்லை.
பழைய சார் நாற்காலியில் சாய்ந்தபடி ‘குதிங்கடி’ என்பார்.
குதித்தோம்.
பாதிக்குப் பாதி ஜெயித்தும் இருக்கிறோம்.

இப்போது மஞ்சக்குப்பம் மைதானத்தில்
விடியற்காலை ஐந்தரைக்கு
பந்தே இல்லாமல் நெட்டை ஒட்டி
நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறோம்.
நடைக்கு வந்த ஒருவர் நின்று
‘பந்து தொலைஞ்சு போச்சாம்மா’ என்று விசாரித்துவிட்டுப் போனார்.
தெற்குக் காற்று அடித்தால் சிப்காட் நாற்றம்.
அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டம்.

நான் நடு ஆள்.
அந்த ஓரம் அடித்தாலும் நான் போக வேண்டும்,
இந்த ஓரம் அடித்தாலும் நான் போக வேண்டும்.
அடிப்பவள் பெயர் மறுநாள் நோட்டீஸ் போர்டில்.
தடுப்பவளுக்கு விரலில் சுற்ற பிளாஸ்திரி,
அதுவும் சொந்தக் காசில்.

விருத்தாசலத்தில் தோற்றோம்.
சிதம்பரத்தில் தோற்றோம்.
சொந்த மண்ணில் மயிலாடுதுறைப் பெண்களிடம்
இருபத்தைந்துக்கு ஒன்பது.
ஒவ்வொரு தடவையும் அதே இடம்:
என் வலது கைக்கும் ரெஜினாவின் இடது கைக்கும் நடுவில்
ஒரே ஒரு பந்து போகிற சந்து.
பான்பரி மார்க்கெட் சந்து என்று ரெஜினாதான் பேர் வைத்தாள்,
எந்நேரமும் ஆள் போய்க்கொண்டே இருப்பதால்.

ஒருநாள் மேடத்தின் நீள நோட்டு
பெஞ்சில் திறந்து கிடந்தது.
பக்கம் முழுக்க அம்புக்குறிகள், அடித்தல் திருத்தல்.
ஓரத்தில் பென்சிலில்:
‘நடு ஆள் தாமதம்.
அல்லது நான் சொல்லித் தருவது தப்பா?’
மூடி வைத்தேன்.
அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே
இன்னும் இருபது தடவை பக்கவாட்டில் ஓடினேன்.
ஏன் என்று தெரியவில்லை.

புதுச்சேரி, உப்பளம்.
ஐந்தாவது செட், அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று.
மழை வருமா வராதா என்ற இருட்டு.
பந்து ஓரத்துக்குப் போனது.
எதைப் பார்த்து ஓடினேன் என்பது இப்போது வேண்டாம்.
ஓடினேன்.
ரெஜினாவின் தோளில் என் தோள் இடித்தது.
நான்கு கைகள் நெட்டுக்கு மேலே.

பந்து எங்கள் தலைக்கு மேல் பறந்து
கோட்டுக்கு வெளியே நாலடி தள்ளி விழுந்தது.
அம்பயர் கை உயர்த்தினார்: அவுட்.
எங்கள் பாயிண்ட். பதினான்குக்குப் பதினான்கு.
ரெஜினா கத்திக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

‘பட்டது சார்.’

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள்.
நானும்தான் திரும்பியிருப்பேன்,
வாய் என்னுடையதாக இல்லாமலிருந்தால்.
‘எங்கேம்மா?’
சுண்டு விரலை நீட்டிக் காட்டினேன்.

நேர்மை என்று பிறகு யாரோ மைக்கில் பேசினார்கள்.
அதெல்லாம் இல்லை.
நாலு ஆட்டம், ஒரு பந்துகூட என் விரலைத் தொடவில்லை.
இதுதான் முதல்.
படவில்லை என்று எழுதிக்கொண்டு போக
நான் எப்படி விடுவேன்?

பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
கன்னியக்கோயில் போனது, ரெட்டிச்சாவடி போனது.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
ரெஜினா என் கையை இழுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.
‘அப்போ சந்து?’
‘கடையடைப்பு’ என்றேன்.
சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது மேடம் கேட்டார்,
நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி, கொஞ்சம் பயந்த குரலில்:
‘தோளைப் பார்த்துத்தானே போனே?’

விரல் வீங்கத் தொடங்கியிருந்தது.
‘ஆமாம் மேடம்’ என்றேன்.
ஒரு நாளைக்கு ஒரு உண்மைதான் கட்டுப்படியாகிறது.