பின்னணியில் சத்தம் இருக்கக் கூடாது

முதலில் வந்தவர்
இருநூற்று ஐம்பது திர்ஹம் கேட்டார்.
பயிற்சிக் கட்டணமாம், திருப்பித் தந்துவிடுவார்களாம்.
புகைப்படத்தில் டை கட்டியிருந்தார்.
அந்த டையை நம்பி
சிக்கந்தரிடம் சொல்லாமல்
எக்ஸ்சேஞ்சில் போய்க் கட்டிவிட்டு வந்தேன்.
ரசீது வந்தது.
வேலை வரவில்லை.

இன்னொருவர்
வங்கி அட்டையின் பின்பக்கத்தைப்
படம் எடுத்து அனுப்பச் சொன்னார்,
வரிக்கு வரி 'சிஸ்டர்' போட்டு.
அனுப்பவில்லை.
சம்பளம் தருகிறவர்களிடம்
இத்தனை பாசம் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு கம்பெனி
நேர்காணலே இல்லாமல் எடுத்துக்கொண்டது.
நாளைக்கே தொடங்கலாம்,
வீட்டிலிருந்தபடியே,
போனில் பேச வேண்டியது இதுதான் என்று
ஒரு தாள் அனுப்பினார்கள்:
'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்.
பயிற்சிக் கட்டனம் இருநூற்று ஐம்பது மட்டும்.'

ரெண்டு சுழி ன.
எனக்கு வந்ததிலும் அதே பிழை.

கேட்பவர் தயங்கினால் என்ன சொல்வது,
அழுதால் என்ன சொல்வது என்று
தனித்தனியாகப் பத்தி பிரித்திருந்தது.
அழுகைக்கான பத்தி எனக்கு மனப்பாடம்.
ரோலாவில் பஸ்ஸுக்கு நின்றபோது
ஒரு பெண் எனக்கு அதை
நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள்.
நல்ல குரல், பொறுமையான குரல்.
பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பேசியிருப்பாள்.

தலைக்கு இருபது திர்ஹம் கமிஷன்.
பதின்மூன்று பேரைப் பேசி மடக்கினால்
என் பணம் எனக்கு வந்துவிடும்,
பத்து திர்ஹம் லாபத்தோடு.
கணக்குப் போடவில்லை என்று சொல்ல மாட்டேன்.
விடிகிற வரைக்கும் போட்டேன்.
பிறகு அந்த எண்ணை அழித்தேன்.

உண்மையான வேலை
ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது.
அதற்கு என்னிடம் எந்த அவசரமும் இல்லை,
எந்தப் பாசமும் இல்லை.
மூன்று தேர்வு,
அரபியில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும்
அடித்த ஒப்பந்தம்.
ஒரு காசு கேட்கவில்லை.
கேட்டது ஒன்றே ஒன்று:
பின்னணியில் சத்தம் இருக்கக் கூடாது.

அதற்கு எங்கே போவேன்?
அபு ஷகாராவில் ஒரு ஃப்ளாட்டை
பிளைவுட் அடித்து மூன்றாக்கி
மூன்று குடும்பம் இருக்கிறோம்.
இந்தப் பக்கம் லிஸ்ஸியின் குக்கர்,
அந்தப் பக்கம் பெஷாவர்க்காரரின் இருமல்,
ஜன்னலில்
மேடேறும் லாரி மாதிரி ஏசி.
விலைக்குக் கிடைக்குமென்றால்
அமைதிக்கும் ஒரு கட்டணம் கட்டியிருப்பேன்.

கிடங்கிலிருந்து சிக்கந்தர்
டிவி பெட்டிகளுக்குள் வைக்கிற
நுரைத்தாள்களைச் சுருட்டிக் கொண்டுவந்தார்.
துணி அலமாரிக்குள் குனிந்து
ஒவ்வொன்றாக ஒட்டினார்.
அவர் முதுகைப் பார்த்தபடிதான்
அந்த இருநூற்று ஐம்பதைச் சொன்னேன்.
பசை நாடாவைப் பல்லால் கிழித்துக்கொண்டே,
திரும்பாமல்,
"எனக்கு முன்னூறு" என்றார்.
"நீ வருவதற்கு முந்தின வருஷம்."
அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
நாடாவின் நுனியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை மாதம்.
ஏசியை அணைத்துவிட்டு
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
முகத்துக்கு நேரே
அவருடைய ஆரஞ்சுச் சட்டைகள் தொங்கின.
முதல் அழைப்பு ராஸ் அல் கைமாவிலிருந்து.
வாஷிங் மெஷின் வரவில்லை என்று
ஒருவர் இருபத்திரண்டு நிமிஷம் கத்தினார்.
கத்தட்டும் என்று இருந்தது.
நான் சொல்லும் தேதியில்
அவர் வீட்டுக்கு நிஜமாகவே
ஒரு மெஷின் போய் இறங்கும்.
லிஸ்ஸி அன்று குக்கரை ஏற்றவே இல்லை.
பெஷாவர்க்காரர்
இருமுவதற்கு மாடிப்படிக்குப் போனார்.

வாரக் கடைசியில்
பதிவைக் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.
எட்டு குறைத்ததற்குக் காரணமும்
எழுதியிருந்தார்கள்:
பின்னணியில்
யாரோ மூச்சு வாங்குகிற சத்தம்.