ஐம்பது கிலோவுக்குக் குறையாமல்

தேர்தல் தேதி டிவியில் வருவதற்கு
மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.
ஈரோட்டில், மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில்,
கரைவேட்டிக் கடையில் கணக்கெழுதுகிறேன்.

பெரிய கரை இரண்டு.
பெயர் சொல்ல வேண்டியதில்லை.
ஆளுக்கு நாற்பதாயிரம் வேட்டி.
ஜெயித்தவர் மேற்கொண்டு பத்தாயிரம் கேட்பார்,
தோற்றவர் பாக்கி வைப்பார்.
ஐந்து வருடத்தில்
பாக்கி வைக்கிறவர் மாறுவார்.
என் பேரேட்டில் அந்த இரண்டு பக்கம்தான்
எச்சில் தொட்டுப் புரட்டி
ஓரம் நைந்து கிடக்கின்றன.

மற்ற எல்லாரும் 'இதர'.
இதரவில் அறுபது வேட்டி,
நூற்றிருபது வேட்டி,
ஒருமுறை பதினேழு.
அதிலும் இரண்டு பேர்
கட்சியை விட்டுப் போய்விட்டதால் பதினைந்து.

மாசியில் ஒரு மத்தியானம்
வெள்ளகோவில் பக்கமிருந்து வந்தார் திருமூர்த்தி.
ஹெல்மெட்டுக்குள் நோட்டீஸ் கட்டு.
தேங்காய் விலைக்காக ஒரு கட்சி,
பதிவு செய்து எட்டு மாதம்.
"புளியங்கொட்டை நெறத்துல ஒரு கோடு,
மயில்கழுத்துல ஒரு கோடு.
எரநூறு வேட்டிங்க.
இந்த நெறம் வேற எவனுக்கும் இருக்கக்கூடாதுங்க."

பெருந்துறைக்குப் போன் போட்டேன்.
ஐம்பது கிலோவுக்குக் குறைந்தால்
தொட்டியில் தண்ணீரே விடமாட்டேன்
என்றார் சாயப்பட்டறை மேஸ்திரி.
இருநூறு வேட்டிக் கரைக்கு
நூல் நாலு கிலோ கூட வராது.

"நெறம் கேட்டா
ஏனுங் கிலோ பாக்கறீங்க?"
பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

முதலாளியின் மருமகன் கிருபாகரன்,
திருப்பூரில் அமெரிக்கச் சரக்கு பார்க்கிறவன்,
செல்போனிலிருந்து தலை தூக்கினான்.
"அங்கெல்லாம் ரெண்டே கட்சிக்கா.
ஸ்டாக் தேங்காது.
ஒண்ணு புடிக்கலையா, இன்னொண்ணு."

"ரெண்டும் புடிக்கலீன்னா, தம்பி?"

"வீட்ல இருந்துக்க வேண்டியதுதான்."

"அதுக்கு எதுக்குங் வேட்டி?"

நான் சிரித்ததை
முதலாளி பார்த்துவிட்டார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும்.
போன தேர்தலில்
ஒன்பது கட்சி சேர்ந்து ஒரே துண்டு கேட்டார்கள்.
ஒன்பது கோடு.
எவர் கோடு கழுத்தை ஒட்டி,
எவர் கோடு முந்தியில்
என்று முடிவாகப் பதினொரு நாள்.
சித்தோட்டில் பாவேற்றிய தறி
அப்படியே நின்றது.
தறி ஓட்டுகிற சரசாள்
பதினொரு நாள் கூலிக்கு யாரைக் கேட்பாள்?
கடைசியில் எட்டுக் கோட்டோடு ஓட்டினோம்.
ஒன்பதாமவர்
எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் திரும்பி வந்தார் திருமூர்த்தி.
கூட்டணியாம். ஒரு சீட்டாம்.
பெரிய கரை வேட்டியே போதுமாம்,
அந்தக் கரைக்குள்
ஓரமாய் ஓர் இழை மட்டும் புளியங்கொட்டை.
"தள்ளி நின்னாத் தெரியாதுங்களே" என்றேன்.
"கட்டியிருக்கறவனுக்குத் தெரியுமில்லீங்."

அட்டாலியில் ஏறித் தேடினேன்.
எப்போதோ கலைந்துபோன ஒரு கட்சியின் கோன்கள்,
மூன்று கிலோ,
ஏறக்குறைய அதே பழுப்பு.
தூசி தட்டிக் கொடுத்தேன்.
"இது யாருதுங்?"
"பெரிய கட்சியில சேந்துட்டாங்க."
கோனைக் கொஞ்சநேரம்
கையிலேயே வைத்திருந்தார்.
பிறகு, "ஓட்டிருங்க" என்றார்.

சித்திரையில் வாக்குச்சாவடி.
பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறை,
அட்டைத் தடுப்புக்குள் இரண்டு எந்திரம்,
இருபத்திரண்டு பெயர்,
அதற்கும் கீழே 'யாருமில்லை'.
ஒவ்வொரு சின்னமாய்ப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
எல்லாமே கறுப்பு மை.
எத்தனை தொட்டிச் சாயம் காய்ச்சினோம்,
இங்கே ஒரு நிறம் கூட இல்லை.

"சீக்கிரம்ங்க, வரிசை நிக்குது"
என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.
அழுத்தினேன். எதை என்று சொல்லமாட்டேன்.

திருமூர்த்தி பாக்கி
எண்ணூற்று நாற்பது ரூபாய்.
இன்னும் 'இதர'வில்தான் இருக்கிறது.