ஆறு, முப்பத்திரண்டு

பெட்டிக்குள் வன்தட்டு இருக்கிறது.
தட்டைச் சுற்றி நுரை,
ஈரம் உறிஞ்சும் சின்னப் பை,
ஆறு மொழியில் உத்தரவாதம்.
ஆணி இல்லை.

கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் யூட் நிரோஜன்.
"ஆணி தனியவோ வாறது?" என்று
என்னையே கேட்கிறான்.

பழைய தட்டின் ஆணிகள் இருந்தன, உண்மைதான்.
பாசையூர் உப்புக்காற்று ஒன்பது வருடம் தின்று
கறள் பிடித்து, தலை வழுக்கி,
குறட்டால் இழுத்ததில் கழுத்து முறிந்தவை.
கணக்கை முதலே பென்னில் இறக்கிவிட்டேன்.
நண்டு எத்தனை கிலோ, இறால் எத்தனை கிலோ,
எஞ்சினுக்குக் கடன் வாங்கி இன்னும் கட்டாதது யார் யார்.
திங்கட்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம்.

கஸ்தூரியார் வீதியில் இரும்புக்கடைக்காரர்
கதவுப் பிணைச்சலுக்குப் பூட்டுவதை நீட்டினார்.
இதைவிடச் சின்னது என்றேன்.
மூக்குக்கண்ணாடிக்குப் பூட்டுவதை நீட்டினார்.
இதைவிடப் பெரிசு.
"தங்கச்சி, உமக்கு ஆணி வேணுமோ
நியாயம் வேணுமோ?"

ஸ்ரான்லி வீதியில் தவறூபன்
ஐஸ்கிறீம் கோப்பை ஒன்றைக் கவிழ்த்தான்.
நூறு ஆணி இருக்கும்.
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
"இது எம் மூண்டு, அக்கா. சின்னத் தட்டுக்கும் டிவிடிக்கும்.
உங்கடை பெரிசுக்கு ஆறு முப்பத்திரண்டு.
ஒரு இஞ்சிக்கு முப்பத்திரண்டு புரி."
"அது இருக்கோ?"
"புதுக் கொம்பியூட்டரோடை வரும்.
கொம்பியூட்டர் எடுக்கிறியளோ?"

மில்லிமீற்றர் வந்து எத்தனையோ காலம்,
இந்தத் தட்டு மட்டும் இஞ்சியில் நிற்கிறது.
கடலைப் பாகத்தில் அளக்கிற ஊரில் இருந்துகொண்டு
அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று
எம் மூன்று நாலு வாங்கினேன்.
உள்ளே போனது. சுழன்றது.
சுழன்றுகொண்டே இருந்தது.
புரியும் புரியும்
ஒன்றோடொன்று பேசவேயில்லை.
தட்டைப் பிடித்து ஆட்டினால்
விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

பின்னேரம் ஐந்தரை.
மேசையில் கிடந்த பக்கமூடியை எடுத்து
ஒதுக்கிவைக்கப் போனேன்.
அதைப் பூட்டியிருந்த ஆணி இரண்டும்
தேநீர்க் கோப்பைத் தட்டில் கிடந்தன.
எத்தனை தரம் கழற்றி
எத்தனை தரம் இதே தட்டில் போட்டிருப்பேன்!
ஒன்றை எடுத்துத் துளையில் வைத்தேன்.
முதற்சுற்றில் தயங்கியது.
இரண்டாம் சுற்றில்
கையைப் பிடித்துக்கொண்டது.

மற்றப் பக்க மூடியில் இருந்து மூன்றாவது வந்தது.
நாலாவது கறளோடு ஒட்டிப்போய் வரமாட்டேன் என்றது.
விட்டுவிட்டேன்.
கொஞ்சம் நீளம் கூட.
றீலோட் காட்டை வட்டமாய் வெட்டி
இடையில் கொடுத்து இறுக்கினேன்.
தட்டு அசையவில்லை.
கணக்கு ஒவ்வொரு வரியாக
உள்ளே ஏறத் தொடங்கியது.

இப்போது மூடிக்கு ஆணியில்லை.
ஜன்னலுக்கு அப்பால் கடல்.
உப்பு நேராக உள்ளே வரும்.

அந்த நேரம் பார்த்துச் சந்தியாப்பிள்ளை வந்தார்.
எதையோ கேட்க வந்தவர்
பெட்டியின் விலா எலும்பைப் பார்த்து
கேட்க வந்ததை மறந்தார்.
சாரத்து மடிப்பில் இருந்து தங்கூசிச் சுருள் எடுத்து
குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று,
வலைக்குப் போடுகிற முடிச்சாய்ப் போட்டு
பல்லால் அறுத்தார்.
தட்டிப் பார்த்தேன். மூடி மூச்சுவிடவில்லை.

"திறக்க வேணுமெண்டால்?"
"வெட்டுங்கோ. நான் திரும்பக் கட்டித் தாறன்."
"நீங்கள் கடலிலை நிண்டால்?"
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியில் காதை வைத்து
உள்ளே தட்டு ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்.

"என்ரை பேரும் இதுக்குள்ளை கிடக்கோ?"
"கிடக்கு. நாப்பத்திரண்டாயிரம், வட்டி தவிர."

முடிச்சை ஒருதரம் தடவிப் பார்த்தார்.
"அப்ப," என்றார்,
"இவ்வளவு இறுக்கியிருக்கத் தேவையில்லை."