குறைபாடு பன்னிரண்டு

தலைமையகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது:
குலசேகரம் நிலையத்தின் திறனை மேம்படுத்த
என்னென்ன தேவை, முன்னுரிமைப்படி எழுதவும்.

எழுதினேன்.
நீர்வண்டி ஒன்று, குறுகலாக.
இப்போதுள்ளது ரப்பர்ச் சரிவுகளில் ஏறுவதில்லை,
ஏறினால் திரும்புவதில்லை.
குழாய் பதினைந்து. இருப்பதில் ஆறு
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு
ஒட்டுகளே குழாயாகிவிட்டவை.
பங்குனியில் சானல் வற்றினால்
எந்தக் குளத்தில் உறிஞ்சுவதென்று ஒரு வரைபடம்.

பதினொன்று வரை வந்து
பேனாவை மூடினேன்.

ஐப்பசி. இரவு ஒன்று நாற்பது.
மூன்று நாளாய் விடாத மழை,
பேச்சிப்பாறை மதகு திறப்பார்கள் என்று பேச்சு.
தொலைபேசியில் ஒரு பெண்குரல்:
'சாரே, வெள்ளம்... வேகம் வெள்ளம்... புளிமூட்டுல...'
அறுந்தது.

நான் தருமபுரிக்காரன்.
எங்களுக்கு வெள்ளம் என்பது
செய்தித்தாளில் வருவது.
கயிறு ஏற்று என்றேன், மிதவை ஏற்று என்றேன்,
நீர்வண்டியை நிறுத்திவிட்டு ஜீப்பை எடுத்தோம்.
உள்ளூர்க்காரன் ஏசுராஜன் அன்றைக்கு விடுப்பு.

புளிமூட்டில் புளியமரம் இல்லை.
அது விழுந்து முப்பது வருடமாம்.
கேட்டுத் தெரிய ஒன்பது நிமிடம்.

ஸ்டெல்லாபாயின் புகைப்புரை
மழைக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது.
காயப்போட்ட ஷீட்டுகள் உருகி
ஒவ்வொரு துளியும் எரிந்தபடி விழுந்தது.
கிணற்றுக்கும் தீக்கும் நடுவே
குடங்களோடு ஒரு தெருவே ஓடியது.
நாங்கள் இறங்கினோம்,
நான்கு பேர், நான்கு மிதவைச் சட்டை,
ஒரு காற்றடித்த படகு.

யாரும் திட்டவில்லை.
அவள் படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
'வெள்ளம் எங்க சாரே?'

நாகர்கோவிலில் ஆய்வுக் கூட்டம்.
சென்றடைந்த நேரம்: இருபத்தாறு நிமிடம்.
காரணம் எழுதும் கட்டம் அரை அங்குலம்.
'சாலை சரியில்லைன்னு போடுங்களேன்'
என்றார் ஒருவர், அன்பாகத்தான்.

இப்போது ஏசுராஜன் சொல்லச் சொல்ல எழுதி
தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
வெள்ளம்: தண்ணீர்.
ஏலா: வயல்வெளி.
மூடு: மரத்தடி. மரம் இருக்கவேண்டியதில்லை.
அண்டி ஆபீஸ்: முந்திரி ஆலை. நூறு பெண்கள், ஒரே வாசல்.

பேனாவைத் திறந்தேன்.
பன்னிரண்டு: நிலைய அலுவலருக்குக் காது.
அடித்தேன்.
பிறகு அதையே திரும்ப எழுதி
மதிப்பீட்டுத் தொகையை மட்டும்
வெறுமையாக விட்டேன்.