பாலைப்பழ மாதம்

விடிய நாலரைக்கு, மயில் அகவ முன்னமே
சின்னவன் கத்துவான்.
பத்து மாதம். பல் இரண்டு.
அந்த இரண்டாலும் என் தோளைக் கடித்துப் பார்த்து
நான் நானேதான் என்று உறுதிசெய்துகொண்டு
திரும்ப நித்திரையாகிவிடுவான்.
எனக்குத்தான் பிறகு கண் மூடாது.
கவினியின் கால் என் வயிற்றில்.
அகரனின் கை என் தலைமயிருக்குள்.
அசைந்தால் மூன்றும் எழும்பும்.
எழும்பாமல் கிடக்க
இதைவிட நல்ல சாட்டு எது?

ஒன்றாம் ஆண்டு படிக்கிறவள்
வெள்ளைச் சப்பாத்துக்குள் தேரை வளர்க்கிறாள்.
அதற்கு ரீச்சர் என்று பேர்.
ஏன் என்று கேட்டேன்.
"ஒரே இடத்தில இருந்துகொண்டு
எல்லாரையும் பாக்குதெல்லோ."
திங்கட்கிழமை மட்டும்
ரீச்சர் வாளிக்கு இடம் மாறும்.

நேற்று முத்தையன்கட்டு வாய்க்காலில்
தண்ணி திறந்துவிட்டார்கள்.
தண்ணிக்கு முன்னால் நுரை வந்தது,
நுரைக்கு முன்னால் சருகு,
சருகுக்கும் முன்னால் அகரன் ஓடிவந்தான்,
காற்சட்டையை ஒரு கையில் பிடித்தபடி.
"அம்மா, ஆறு வருது!
எங்கட வீட்டுக்குத்தான் வருது!"
வேறு யார் வீட்டுக்கு, என்றேன்.
அரிசி களைந்த கையோடு போனேன்.
முழங்கால் நனையுமட்டும் என்று இறங்கி
சின்னவனை இடுப்பில் வைத்தபடி
கழுத்துவரை நனைந்தேன்.
மண்வெட்டியோடு போன செல்லையா அண்ணை
பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.
உலையில் சோறு குழைந்துபோயிற்று.
குழைந்த சோறு சின்னவனுக்கு நல்லது.
மற்றவர்களுக்கும் நல்லதுதான்
என்று சொல்லித் தீத்தினேன்.

கொய்யாமரத்துக்குக் கீழே
சிரட்டையால் கிடங்கு வெட்டுகிறான் அகரன்.
மூன்று நாளாக.
முதல்நாள் கண்டபோது
கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.
அவன் வயதில் எனக்குத் தெரிந்த கிடங்குகளுக்கு
மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும் இருக்கும்.
"என்னத்துக்கடா?"
"முயல் வந்தால் இருக்க."
"முயல் எங்க?"
"வருந்தானே."
இன்றைக்குப் போய்ப் பார்த்தேன்.
முழங்காலளவு ஆழம்.
உள்ளே ஒரு கரட் துண்டு, பூவரசம் இலை,
நான் கிழமைக்கணக்காய்த் தேடிய சீப்பு.
முயலுக்குத் தலை இழுக்க வேண்டுமாம்.
பக்கத்தில் குந்தி
நானும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன்.
மண் லேசாகத்தான் இருந்தது.

பின்னேரம் படலையில் சைக்கிள் மணி.
பாலைப்பழம், சுண்டு நூற்றைம்பது.
காசைச் சில்லறையாய்ப் பொறுக்கிக் கொடுத்தேன்,
மாத்தூளுக்கு வைத்திருந்த காசு.
வாய் கொள்ளாமல் தின்றார்கள்.
சின்னவனுக்கு விரல்நுனியில் தொட்டு ஒரு சொட்டு.
பால் காய்ந்து உதடுகள் ஒட்டிக்கொண்டன.
வீட்டில் முதல்முறையாகச் சத்தமில்லை.
தகரத்தில் குரங்கு நடப்பது கேட்டது,
ஒட்டுசுட்டான் பக்கம் போகிற பஸ் கேட்டது,
என் மூச்சு எனக்கே கேட்டது.
அவ்வளவு ஆசைப்பட்ட அமைதி.
இரண்டு நிமிடம் பொறுத்தேன்.
அதற்குமேல் என்னால் முடியவில்லை.
தேங்காயெண்ணெய் தொட்டு
உதடுகளைத் துடைத்துவிட்டேன்.
திறந்ததும் திறவாததுமாய்
"அம்மா, இவன்தான் கூடத் திண்டவன்."
"இல்லை, இவள்தான்."
ஒரு காக்கொத்து ஓசை கொட்டினாற்போல்
வீடு நிறைந்தது.

வவுனியாவில் மேசன் வேலைக்கு நிற்கிற மனிசன்
இரவு எட்டுக்கு எடுத்தார்.
"என்ன புதினம்?"
நான் யோசித்தேன்.
ஆறு வீட்டுக்கு வந்தது.
முயலுக்கு வீடு முடியப்போகிறது.
உன்ரை மகனுக்கு மூன்றாவது பல் வெளிக்கிடுகிறது,
என் தோளில் அடையாளம் கிடக்கு.
எதில் தொடங்குவது?
"ஒரு புதினமும் இல்லை," என்றேன்.
அந்த நேரம் பார்த்துச் சப்பாத்துக்குள்ளிருந்து
கர்ர்ர் என்றது.
"என்னடி சத்தம் அது?"

"ரீச்சர்," என்றேன்.