காப்பிக்கு முன் அரை மணி

சுக்தீதியில், கொட்டை கொள்முதல் நிலையத்தில்,
தராசுக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
ஆகஸ்ட் மாதம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு
ஹேசல் மூட்டைகளை இறக்குகிறார்கள்.
நான் கம்பளிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கிறேன்.
"லாம்சிரா, உனக்கு மட்டும் தனியாகப் பனி பெய்கிறதா?"
என்கிறான் மூர்த்தாஸ்.
சிரிக்க வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்குள்
அவன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

அப்படித்தான் போனது நான்கு வருடம்.
எல்லாமே எனக்கு ஒரு மூட்டை தாமதமாக வந்து சேர்ந்தது.

முதல் டாக்டர் ஐம்பது எழுதினார்.
ஆறு மாதம் நன்றாயிருந்தேன்.
பிறகு புருவத்தின் வால் உதிர்ந்தது.
இரண்டாமவர் எழுபத்தைந்து.
மூன்றாமவர் நூறு:
நெஞ்சு படபடக்க, இரவு இரண்டு மணிக்கு எழுந்து
வீட்டு ஜன்னல்களையெல்லாம் துடைத்தேன்.
மறுபடி ஐம்பது.
குட்டாய்சியில் ஒருவர் காகிதத்தைப் பார்த்து
காகிதத்திடமே சொன்னார்: "நார்மல்."
காகிதம் நார்மலாக இருந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான்.
அதை மடித்துக் கைப்பையில் வைத்து
வீட்டுக்குத் தூக்கிவந்தவள் நார்மலாக இல்லை.

இன்னொருவர் வயதைக் கேட்டுவிட்டு,
"நாற்பத்தேழில் பெண்களுக்கு இப்படித்தான்" என்றார்.
கட்டணம் என் இரண்டு நாள் சம்பளம்.
அதே வாக்கியத்தை என் மாமியார்
இலவசமாகச் சொல்லியிருந்தாள்.

டிபிலிசிக்குப் போ என்றார்கள்.
யார் காசில் என்று சொல்லவில்லை.

எத்தேரி ஷோனியாவின் பெயரை
மருந்துக்கடைப் பெண்தான்
ரசீதின் பின்பக்கம் எழுதித் தந்தாள்.
"அதிகம் பேச மாட்டார். ஆனால் தொட்டுப் பார்ப்பார்."

சம்த்ரேதியாவில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு மாடி.
படியில் ஒரு பூனை, வழி விடாமல்.
அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
இதுவரை யாரும் எழுந்ததுகூட இல்லை.
கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு
கழுத்தில் விரல் வைத்தார்.
"தண்ணீரை வாயில் வையுங்கள். இப்போது விழுங்குங்கள்."
விழுங்கினேன்.
அவர் விரலடியில் ஏதோ ஏறி இறங்கியது.
சுவர்ப் படத்தில் அதற்குப் பட்டாம்பூச்சி வடிவம்.
எனக்கென்னவோ அது மூட்டை வாயில் போடும் முடிச்சு.
"வலது பக்கம் கொஞ்சம் தடிப்பு. ஸ்கேன் எடுப்போம்.
பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்."

பிறகு கேட்டார்:
"காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்? ஒன்று விடாமல்."
அடுப்பைப் பற்றவைப்பேன்.
காப்பி. மாத்திரை.
"காப்பியோடா?"
காப்பியோடுதான். கூடவே ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை.
இரண்டும் ஒரே மடக்கில்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"எத்தனை வருடமாக?"
நான்கு விரலைக் காட்டினேன்.
அவருக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கும், அதே நேரத்தில்.

தராசு பொய் சொன்னால்
எடைக்கல்லையா மாற்றுவோம்?
தட்டைத் தூக்கி
அடியில் சிக்கிய கொட்டை ஓட்டை எடுப்போம்.
பதினொரு வருடமாக என் வேலையே அதுதான்.
ஐந்து பேர் கல்லை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
நானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இது மட்டும்தான் காரணமா?"
"தெரியாது. ஆறு வாரம் கழித்து வாருங்கள்."
தெரியாது என்று அவர் சொன்னதற்காகவே
இறங்கும்போது பூனைக்கு
என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன்.

இப்போது ஐந்தரைக்கு மாத்திரை. வெறும் தண்ணீர்.
இரும்பு, ராத்திரிக்குப் போய்விட்டது.
காப்பிக்கு முன் அரை மணி.
அந்த அரை மணியில் செய்ய ஒன்றுமில்லை.
விளக்குகூடப் போடுவதில்லை.
பித்தளைப் பாத்திரம் அடுப்பில் காலியாக நிற்கிறது.
முதல் லாரி வளைவில் கியர் மாற்றும் சத்தம்.
குளிர்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.
கொஞ்சம்.
மேல் பொத்தானைக் கழற்றுகிறேன்.
மறுபடி போடுகிறேன்.
இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.