கொடியிலிருந்து ஐந்து

மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது.
கூரைதான் தெரியும்,
டுலூத் பள்ளிக் குளத்தின் ஈரம் ஊறிய கூரை.
தலைக்கு மேல் சின்னச் சின்ன முக்கோணக் கொடிகள் வரும்.
அங்கிருந்து எண்ண வேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தில் விரல் சுவரைத் தொடும்.

அக்கா ஐலா
இன்னும் வராத வருஷங்களையும் இப்படித்தான் எண்ணினாள்.
ஒன்பதாம் வகுப்பிலேயே ஓர் அட்டவணை,
நாற்பத்தொரு கல்லூரிகள்.
பச்சை என்றால் அவள் நேரம் போதும்.
மஞ்சள் என்றால் ஒரு நொடி குறைய வேண்டும்.
சிவப்பைப் பற்றிக் கேட்காதே என்பாள்.
கடைசிக் கட்டத்தில் கட்டணம்.
அதை மட்டும் அப்பா பார்ப்பார்,
இரும்புத்தாது ஏற்றும் துறையில் இரவு வேலை முடிந்து வந்து,
பூட்ஸைக் கழற்றாமல்,
நின்றபடியே.

வீடியோ என் பொறுப்பு.
மூன்று நிமிஷம், நல்ல போட்டிகள் மட்டும்.
தொடக்கத்தில் பெயர், உயரம், வேதியியலில் வாங்கிய மதிப்பெண்.
"உன் மூச்சு கேட்குது ஈரோ, தள்ளி நில்."

ஹிப்பிங்கில் அக்டோபரில் நடந்ததை வெட்டிவிட்டேன்.
அங்கே கொடிகளை யாரோ தள்ளிக் கட்டிவிட்டார்கள்,
அப்படித்தான் வீட்டில் சொல்லிக்கொண்டோம்.
நாலாவது வீச்சிலேயே தலை போய் மோதியது.
தர்பூசணி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஜூன் பதினைந்து பிறந்ததும்
பயிற்சியாளர்கள் அவளுக்கு எழுதலாம் என்பது விதி.
"வர்ற கப்பல் ஊதிக்கிட்டுத்தான் வரும், போய்ப் படு"
என்றாள் அம்மா. காலையில் அவளுக்குப் பஸ் ஓட்ட வேண்டும்.
பன்னிரண்டு. பன்னிரண்டரை.
ஒரு மணிக்கு சார்ஜ் தீர்ந்தது,
ஃபோனுக்கும் அக்காவுக்கும்.

நாலாம் நாள் ஒரே ஒரு மின்னஞ்சல்.
மஞ்சளிலிருந்து.
ஐயோவாவில், மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி.
டெலோரிஸ் ப்ரூயட் என்று கையெழுத்து,
இரண்டே வரி:
நீ ஜெயித்ததைப் பார்த்தேன்.
இனி உன் மோசமான போட்டியை அனுப்பு.

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
அக்கா என்னைப் பார்த்தாள்.
வெட்டியதை நான் அழிக்கவில்லை என்று
இவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நிமிஷம் பதினோரு நொடி.
சத்தம் வரும் இடத்தில் படம் ஆடுகிறது,
கொஞ்ச நேரம் என் செருப்பு மட்டும் தெரிகிறது.
பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை,
இருட்டில் ஸ்விட்சைத் தேடுவது போல.
பிறகு இன்னொரு கை.
எட்டுப் பேரில் எட்டாவது.
யாரோ கைதட்டுகிறார்கள், ஒருவர் மட்டும்,
வேறு எதற்காகவோ கூட இருக்கலாம்.

"என் மூச்சை எடுத்துடட்டுமா?"
"இருக்கட்டும்."

பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு
கூரையைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.
மூன்றிலேயே அழுத்திவிட்டாள்.